எட்டுப் பேரும் இறங்கிட்டாங்களா?

காலை நிகழ்ச்சியில் நேயர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி பாடலைப் பற்றியதல்ல. "அந்த வௌவால் சட்டையைப் போட்டுக்கிட்டு வானத்துல இருந்து குதிக்கிறது நீங்கதானா?" என்பதுதான். ஆமாம், நான்தான். அடுத்த கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: "பயமா இல்லையா?" இரண்டு பாட்டுக்கு நடுவே முப்பது விநாடியில் அதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்த வாரம் பக்கம் கிடைத்திருக்கிறது, நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தச் சட்டை. விங்சூட் என்பார்கள், சிறகாடை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். கைகளுக்கும் இடுப்புக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்று, இரண்டு கால்களுக்கும் நடுவே ஒன்று என மூன்று சிறகுகள். எல்லாம் நைலான் துணி. ஒவ்வொரு சிறகும் இரண்டு அடுக்கு. நடுவே சிறு சிறு அறைகள், முன்பக்கம் காற்று புகத் திறப்புகள். வேகம் கூடும்போது அறைகளுக்குள் காற்று நிரம்பி, தொளதொளத்த துணி விறைப்பான சிறகாகிவிடும். எஞ்சின் இல்லை. அதனால் மேலே ஏற முடியாது. கீழே விழுவதை முன்னால் போவதாக மாற்றும், அவ்வளவுதான் அதன் வேலை.

சாதாரணமாக வயிறு கீழே இருக்கும்படி விழுகிறவர் மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குவார். விமானத்திலிருந்து குதித்து வான்குடையைத் திறக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. விங்சூட்டில் இறங்கும் வேகம் 80 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். முன்னோக்கிய வேகம் 140, 150 என்று போகும். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் இரண்டு, இரண்டரை மீட்டர் முன்னால் போய்விடலாம். ஒரு நிமிடம் இரண்டு நிமிடத்துக்கு மேல் நீளும். காலை வானொலியில் இரண்டு நிமிடம் எவ்வளவு பெரிய நேரம் என்று எங்களைக் கேட்டால் தெரியும்.

தரையிறங்க வான்குடை வேண்டும். 2012 மே மாதம் இங்கிலாந்தில் கேரி கானரி என்ற சாகசக் கலைஞர் 18,000-க்கும் மேற்பட்ட அட்டைப்பெட்டிகளை அடுக்கி, அதன் மேல் வான்குடை இல்லாமலே இறங்கிக் காட்டினார். அவர் கதையை விடுங்கள், அவர் வேறு ரகம்.

இதில் உயிர் கொடுத்தவர்களின் வரிசை நீளமானது. 1912-இல் பிரான்ஸ் ரைக்கெல்ட் என்ற தையல்காரர் தானே தைத்த வான்குடை உடையோடு ஈபிள் கோபுரத்திலிருந்து குதித்து இறந்தார். துணிச் சிறகு கட்டிப் பறந்து காட்டிய அமெரிக்கர் கிளெம் சோன் 1937-இல் பாரிஸ் அருகே கூட்டத்தின் கண்ணெதிரே, வான்குடை சரியாகத் திறக்காமல் விழுந்தார். மரச் சிறகோடு குதித்த லியோ வாலன்டன் 1956-இல் லிவர்பூலில் மாண்டார். இன்றைய விங்சூட்டுக்கு உருவம் கொடுத்தவர் பேட்ரிக் டி கயார்டோன் என்ற பிரெஞ்சுக்காரர். அவரும் 1998 ஏப்ரலில் ஹவாயில், தன் வான்குடைப் பையில் செய்து பார்த்த மாற்றம் ஒன்றால் இறந்துபோனார். அடுத்த ஆண்டே பின்லாந்தின் யாரி கூஸ்மாவும் குரோஷியாவின் ராபர்ட் பெச்னிக்கும் 'பேர்ட்மேன்' நிறுவனத்தைத் தொடங்கி, பயிற்சி பெற்ற எவரும் வாங்கக்கூடிய உடையை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். உடையோடு சேர்த்துப் பயிற்சி முறையையும் வகுத்ததுதான் அவர்கள் செய்த பெரிய காரியம் என்பேன்.

200 ஏன்?

மெல்பர்னில் ஊடகவியல் படித்த காலத்தில்தான் நான் குதிக்கக் கற்றேன். நகரிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரக் கார் பயணத்தில் நகாம்பி என்ற சிற்றூர். ஆறு, ஏரி, திராட்சைத் தோட்டம். பகுதிநேர வேலையில் கிடைத்த காசெல்லாம் அந்த விமானத்தில் ஏறி 14,000 அடியிலிருந்து கீழே வந்து சேர்ந்தது. படிப்பு முடிந்து கோலாலம்பூர் திரும்பி வானொலியில் சேர்ந்தபோது என் குதிப்புப் புத்தகத்தில் 70 சொச்சம்தான். 200-ஐத் தொட மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. ஆண்டு விடுமுறை முழுவதும் ஆஸ்திரேலியா, தாய்லாந்து என்று போனது. தோழிகள் பாலியில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் ஏதோ ஒரு விமானக் கொட்டகையில் வான்குடை மடித்துக்கொண்டிருந்தேன்.

200 குதிப்புக்கு முன் விங்சூட்டைத் தொட முடியாது. அமெரிக்க வான்குடைச் சங்கத்தின் விதி அது. காரணம் கேட்டுப் பாருங்கள், நியாயம் புரியும். விங்சூட் அணிந்தால் கையும் காலும் துணிக்குள் சிறைப்பட்டுவிடும். வான்குடை திறக்கும்போது கயிறுகள் முறுக்கிக்கொண்டால், முதலில் கைச் சிறகின் ஜிப்பைத் திறந்துவிட்டுத்தான் கயிற்றுப் பக்கம் கையைத் தூக்க முடியும். அந்த நேரத்தில் 'அடுத்து என்ன' என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. கை தானாகவே செய்ய வேண்டும். அந்தப் பழக்கம் இருபது, முப்பது குதிப்பில் வராது.

இன்னொன்று, எனக்கே வகுப்பில்தான் தெரிந்தது. வான்குடைப் பையில் ஒரு தானியங்கிக் கருவி இருக்கும். குதித்தவர் மயங்கிவிட்டாலும் தரைக்கு ஏறக்குறைய 225 மீட்டர் உயரத்தில் அதுவே அவசர வான்குடையைத் திறந்துவிடும். 1991-இல் ஜெர்மனியில் வந்த சைப்ரஸ் கருவி இப்படி எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் வழக்கமான கருவி, விழும் வேகம் விநாடிக்கு 35 மீட்டரைத் தாண்டினால்தான் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளும். விங்சூட்டில் நன்றாகப் பறப்பவர் அந்த வேகத்தைத் தொடுவதே இல்லை. அப்போது கருவி சும்மா இருந்துவிடலாம். அதைக் கேட்டதும் வகுப்பில் இருந்த ஐந்து பேரும் ஒரு கணம் பேசாமல் இருந்தோம். "உங்களை நீங்கள்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் பயிற்றுநர் பலகையைத் துடைத்தார்.

பிறகு கால்வார். இதைப் படிப்பவர்களில் யாராவது ஒருவர் இந்தப் பக்கம் வரக்கூடும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். வான்குடைப் பையை உடையோடு சேர்த்து மாட்டி, பிறகு உடைக்குள் நாம் நுழைவோம். தொடையைச் சுற்றிக் கட்டும் வார் உடைக்குள் மறைந்துவிடும். அதைப் பூட்ட மறந்தாலும் வெளியே தெரியாது; மார்பு வார் இறுக்கமாக இருப்பதால் எல்லாம் சரி என்றே தோன்றும். இதனால் இறந்தவர்கள் உண்டு. ஆகவே தரையில் ஒரு முறை, விமானத்தில் ஏறுமுன் ஒரு முறை, கதவு திறக்குமுன் ஒரு முறை துணிக்கு மேலாகத் தொடையைத் தட்டி, வார் இழுக்கிறதா என்று பார்ப்போம். வீட்டைப் பூட்டினோமா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கும் அம்மாவின் பழக்கத்தைச் சிறு வயதில் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை.

முதல் பறத்தலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கதவை விட்டதும் ஓரிரு விநாடி சிறகை மூடியே வைத்திருக்க வேண்டும். உடனே விரித்தால் விமானத்தின் வாலில் அடிபடலாம். பிறகு விரித்தேன், உடை உப்பியது, காதில் இரைந்த காற்று சட்டென்று தணிந்தது. இந்தச் சத்தம் தணிவது முக்கியம். ஒழுங்காகப் பறந்தால் காற்றின் ஓசை ஒரே சீராக இருக்கும். உடல் கோணினால் கரகரக்கும். வகுப்பில் என் காதுதான் முதலில் கற்றது. தொழில் பழக்கம்.

அம்மாவோடு ஒப்பந்தம்

என் அம்மா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் பால்மரம் வெட்டப் போனவர். "பறக்கணும்னா ஏர் ஏசியாவுல டிக்கெட் எடுத்துப் பற, பாப்பா. இறக்கை எதுக்கு?" என்பது அவருடைய முதல் கருத்து. பத்து ஆண்டுகளாகக் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: குதிக்கப் போகுமுன் சொல்லக் கூடாது, அன்றைய கடைசிக் குதிப்பு முடிந்ததும் கட்டாயம் கூப்பிட வேண்டும், நடந்ததை மறைக்கக் கூடாது. கூட்டாகப் பறக்கத் தொடங்கிய பிறகு அம்மாவே ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டார். "எத்தனை பேரு போனீங்க?" "எட்டுப் பேரும்மா." "எட்டுப் பேரும் இறங்கிட்டாங்களா?"

அந்த எட்டுப் பேர் கதைதான் இது. கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தென்கிழக்கே பெரிஸ் என்று ஓர் ஊர். வெயில் காய்ந்த பழுப்பு மலைகளுக்கு நடுவே விமானத்தளம், பக்கத்தில் ஒரு நீச்சல்குளம். விங்சூட்காரர்களுக்கு அது புண்ணிய ஸ்தலம் மாதிரி. 2012 செப்டம்பரில் 100 பேர் ஒரே நேரத்தில் அணிவகுத்துப் பறந்தது அங்கேதான். 2015-இல் உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் கடுமையான அளவுகோலின்படி 61 பேர் சாதனை படைத்ததும் அங்கேதான். எண்ணிக்கை குறைந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். கூட்டமாகப் பறந்தால் போதாது. படத்தில் ஒவ்வொருவரும் தமக்குக் குறிக்கப்பட்ட இடத்துக்குள் இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். ஒருவர் விலகினாலும் மொத்தமும் செல்லாது.

நான் போனது சாதனைக்கு அல்ல. ஒரு வாரப் பயிற்சி முகாம். எட்டுப் பேர், ஏழு நாட்டவர். என் புத்தகத்தில் அப்போது 310 குதிப்பு, அதில் 80 விங்சூட்.

தனியாகப் பறப்பதும் கூட்டாகப் பறப்பதும் வெவ்வேறு வித்தைகள். தனியாக என்றால் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்பதே கணக்கு. கூட்டத்தில் அந்த ஆசையை விமானத்திலேயே விட்டுவிட வேண்டும். நடுவில் ஒருவர் வழிகாட்டியாகப் பறப்பார். அவர் முழுச் சிறகையும் விரிக்க மாட்டார். வேகமும் குறைவு, சரிவும் மிதம். கனமானவர், ஒல்லியானவர், பெரிய உடை, சின்ன உடை என எல்லோரும் கூட்டியும் குறைத்தும் அவரோடு ஒத்துப்போக இடம் வேண்டுமே! மற்ற ஏழு பேருக்கும் அவர் தோளையோ இடுப்பையோ வைத்து இடம் குறிக்கப்பட்டிருக்கும். என் இடம் இடப்பக்கம் இரண்டாவது வரிசை. முன்னால் இருப்பவரின் வலது பாதத்தை என் கண் விடக் கூடாது.

ஒவ்வொரு முறையும் முதலில் தரையில் ஒத்திகை. கைகளை விரித்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் எட்டுப் பேர் வரிசையாக நடப்போம்; நீச்சல்குளத்துப் பிள்ளைகள் சிரிக்கும். யாருக்குப் பின் யார் கதவை விடுவது, எந்தப் பக்கமாக நெருங்குவது, எந்த உயரத்தில் பிரிவது எல்லாம் நடந்து பார்த்த பிறகுதான் விமானம். விங்சூட்காரர்கள் எப்போதும் கடைசியில்தான் குதிப்போம். முன்னால் குதித்தவர்கள் நேர்கீழே வான்குடையில் இருப்பார்கள். நாங்கள் பக்கவாட்டில் விலகி, வளைந்து, அவர்கள் பாதையில் படாமல் ஊர் சுற்றி வர வேண்டும்.

எட்டுப் பேர் வெளியேற நான்கைந்து விநாடி பிடிக்கும். விமானம் அதற்குள் 150 மீட்டர் தாண்டிவிடும். ஆக, கடைசி ஆள் வெளியே வரும்போது வழிகாட்டி ஒரு புள்ளி. அந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே விதி: பின்னாலிருந்து, ஓரமாக, அவர்கள் மட்டத்துக்கு வந்து, வேகத்தைச் சமன் செய்துகொண்டு, பிறகு பக்கவாட்டில் நகர்ந்து இடத்தைப் பிடிக்க வேண்டும். மேலிருந்து பாய்ந்து வரவே கூடாது. ஒருவர் பறக்கும்போது அவருடைய முதுகுக்கு மேலும் பின்னாலும் காற்று கலங்கி, பிடிப்பில்லாமல் கிடக்கும். அதற்குள் போனால் சிறகு சட்டென்று தளர்ந்து, அவர் மேலேயே விழ நேரிடும். எங்கள் ஒலிபரப்பில் சத்தமே வராத நேரத்தை 'டெட் ஏர்' என்போம். அறிவிப்பாளருக்கு அதைவிட அவமானம் இல்லை. மேலே உள்ள டெட் ஏர் அவமானத்தோடு விடாது.

முதல் மூன்று நாள் நன்றாகவே போனது. நான்காம் நாள் மாலை, கடைசியாகக் குதித்தவர் மிகவும் பின்தங்கிவிட்டார். உயரம் மட்டும் அவர் கையில் மிச்சம் இருந்தது. அதைச் செலவழித்து எட்டிப் பிடிக்க நினைத்தாரோ என்னவோ, மேலிருந்து சரிந்து வந்தார். எனக்கு அவர் தெரியவில்லை. நான் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் ஒரு நிழல், கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம், பிறகு எனக்கும் முன்னால் இருந்தவருக்கும் நடுவே சிவப்பாக ஏதோ பாய்ந்து கீழே போனது. கை நீட்டினால் பட்டிருக்கும். வழிகாட்டி திரும்பிப் பார்த்தவர், உடனே காலை உதைத்துப் பிரியச் சொன்னார். 5,500 அடியில் பிரிய வேண்டியவர்கள் 7,000-க்கும் மேலேயே விசிறிபோல விலகினோம். எட்டு வான்குடைகளும் திறந்தன. இறங்கும்போதே எண்ணிவிட்டேன்.

கீழே யாரும் யாரையும் திட்டவில்லை. பயிற்றுநர் அந்தக் காட்சியை ஐந்து முறை ஓட்டிக் காட்டினார். மறுநாள் திட்டத்தை மாற்றினார்: அனுபவம் குறைந்தவர்கள் நடுவில் குதிப்பார்கள், வழிகாட்டியின் மட்டத்துக்கு இறங்காதவர் கூட்டத்துக்கு வெளியே ஓரமாகவே பறந்துவிட்டு வருவார், அன்று இடம் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை. சிவப்பு உடைக்காரர் முகாமிலிருந்து விலகிக்கொள்வதாகச் சொன்னார். யாரும் எதிர்பாராமல் இன்னொருவரும் விலகினார். எங்களில் மூத்தவர், 900 குதிப்புக்கு மேல் கண்டவர். "இன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. தூங்காமல் நான் குதிப்பதில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உடையை மடித்து வைத்தார்.

அங்கே மாலை ஆறு என்றால் கிள்ளானில் மறுநாள் காலை ஒன்பது. அம்மாவைக் கூப்பிட்டேன். வழக்கமான கேள்விக்கு "எட்டுப் பேரும் இறங்கிட்டோம்மா" என்றேன். குரலை வைத்தே ஏதோ இருக்கிறது என்று பிடித்துவிட்டார். ஒப்பந்தப்படி முழுவதும் சொன்னேன்.

நெடுநேரம் பேச்சே இல்லை. பிறகு, "அந்தப் பையன் நாளைக்கு வர்றானா?"

"இல்லம்மா."

"அந்தப் பெரியவரு ஏன் வரலை?"

சொன்னேன்.

"அவருதான் வெவரமான ஆளு." மறுபடி மௌனம். "உனக்கு மனசு நிக்குதா?"

வராதே, போதும், வீட்டுக்கு வா என்று சொல்லியிருந்தால் எனக்கு எதிர்த்துப் பேச வசதியாக இருந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. காலையில் பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அன்றிரவு நான் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன், அது எனக்கே ஆச்சரியம். காலையில் தரை ஒத்திகையில் கண்ணை மூடிக்கொண்டு ஆறு பேர் இடத்தையும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். தடுமாறவில்லை. ஒரு பெயரில் தடுமாறியிருந்தாலும் நீச்சல்குளத்துப் பக்கம் போயிருப்பேன், அந்த முடிவை முன்பே எடுத்துவிட்டிருந்தேன். பெயரைச் சேர்க்கச் சொன்னேன்.

12,500 அடியில் கதவு திறந்தது. ஆறு பேர் என்பதால் இடைவெளியும் சிறிது. பாதம் தெரிந்தது, மெல்ல நெருங்கி வந்தது, நின்றது. 140 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம், ஆனால் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டால் யாருமே நகரவில்லை. இதை விளக்க எனக்குத் தெரிந்த ஒரே உதாரணம் நெடுஞ்சாலையில் பக்கத்து வண்டி நம்மோடு ஒரே வேகத்தில் வருவது. பழுப்பு மலைகள் கீழே வழுக்கிக்கொண்டு போயின. வலப்பக்கம் இருந்த போலந்துப் பெண் கையை நீட்டினார். விரல் நுனி பட்டது. ஏழெட்டு விநாடி அப்படியே போனோம். தலைக்கவசத்துக்குள் உயரமானி பீப் என்றது. வழிகாட்டி காலை உதைத்தார்.

மூத்தவர் தரையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். நான் வந்து சேர்ந்ததும் ஆறு விரலைக் காட்டினார்.

ஆசைப்படுகிறவர்களுக்கு

யூடியூபில் மலை முகட்டிலிருந்து பாய்ந்து பாறையை உரசிக்கொண்டு பறப்பார்களே, அது வேறு. அதை பேஸ் ஜம்பிங் வகையில் சேர்ப்பார்கள். நம் கே.எல். கோபுரத்திலிருந்து குதிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதே குடும்பம். அவசர வான்குடை கிடையாது, தவறைத் திருத்த உயரமும் கிடையாது. ஆல்ப்ஸ் மலையில் விபத்துகள் தொடர்ந்ததால் 2016-இல் ஷமோனி நகராட்சி விங்சூட் பறத்தலையே சிறிது காலம் தடை செய்தது. என்னை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். போகவில்லை, போகவும் மாட்டேன். விமானத்திலிருந்து குதிப்பதும் ஆபத்தானதுதான், ஆனால் அங்கே என் கீழே மூன்று கிலோமீட்டர் காற்று இருக்கிறது. எனக்கு அது வேண்டும்.

செலவைச் சொல்லாமல் விட்டால் இளைஞர்கள் கோபிப்பார்கள். அமெரிக்காவில் ஒரு குதிப்புக்கு விமானக் கட்டணம் ஏறத்தாழ 30 டாலர். 200 குதிப்புக்கே 6,000 டாலர், நம் காசில் 25,000 ரிங்கிட் போல வைத்துக்கொள்ளுங்கள். வான்குடை, உடை, பயணம் எல்லாம் தனி. சாதாரணக் காப்புறுதித் திட்டங்கள் பல இந்த விளையாட்டை ஏற்பதில்லை. கையெழுத்துப் போடுமுன் பொடி எழுத்தைப் படியுங்கள். காற்றில் உடலைப் பிடித்து நிறுத்துவது பிடிக்கிறதா என்று மட்டும் பார்க்க விரும்பினால் செந்தோசாவில் இருக்கும் காற்றுக் கூண்டுக்கு ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள். பிடிக்கவில்லை என்றால் மிச்சம் 25,000 ரிங்கிட்.

பெரிஸில் எடுத்த காணொளியை வீட்டுத் தொலைக்காட்சியில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். முதல் முறை பாதிக்கு மேல் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். இரண்டாம் முறை கடைசிவரை பார்த்து ஆறு வான்குடைகளையும் விரல்விட்டு எண்ணினார். மூன்றாம் முறை அவரே கேட்டார். நடுவில் நிறுத்தச் சொல்லி, திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இந்த நீலச் சட்டை நீதானே?"

"ஆமாம்மா."

"முட்டி மடங்கியிருக்கு பாரு. காலை நீட்டு."

பயிற்றுநரும் அதையேதான் சொன்னார்.